ஏற்றத்தில் கியர் நழுவும் ஹைலக்ஸுக்கு வலுவான கியர்ப்பெட்டி எது?

கேள்வி (நானுஓயா):
வணக்கம். எனது டொயோட்டா ஹைலக்ஸில் இருப்பது 3.0 லீற்றர் 1கேடி டீசல் எஞ்சின். இசியுவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ட்யூன் செய்து அதன் வலுவைக் கூட்டிய பிறகு, லீக்ஸ், கரட் மூட்டைகளுடன் றம்பொடை ஏற்றத்தில் வரும்போது மூன்றாம் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருகிறது. ஐந்து வேக ஆர்151எஃப் பெட்டியைக் கழற்றிவிட்டு லேண்ட் குரூசரின் எச்151எஃப் பெட்டியைப் பொருத்தலாமா?

பதில் 1 (ஹற்றன்):
தம்பி, எச்151எஃப் உறுதியானதுதான். ஆனால் அது 1எச்இசட் போன்ற பெரிய எஞ்சின்களுக்காகச் செய்யப்பட்டது. உங்கள் எஞ்சினோடு இணைக்க அடாப்டர் தேவைப்படும்; டிரான்ஸ்பர் கேஸ் (நான்கு சக்கரங்களுக்கும் வலுவைப் பிரிக்கும் பெட்டி), கியர்ப்பெட்டியைத் தாங்கும் மவுண்டுகள், சக்கரங்களை நோக்கி வலுவைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாப்டின் நீளம் என எல்லாவற்றையும் மாற்ற நேரிடும். கராஜ்காரர் சொல்லும் முதல் விலையை நம்ப வேண்டாம். கியர் நழுவுவதற்குப் பெரும்பாலும், பெட்டிக்குள் கியரைப் பூட்டிப் பிடிக்கும் ஹப், ஸ்லீவ், தண்டுகளைத் தாங்கும் பெயரிங் ஆகியவை தேய்ந்திருப்பதுதான் காரணம். அவற்றை முதலில் பிரித்துப் பாருங்கள்.

பதில் 2 (வெலிமடை):
அண்ணன் சொல்வது சரி. இந்த எஞ்சின் ட்யூன் செய்யாமலேயே நிமிடத்துக்கு 1,400 சுற்றிலிருந்து 343 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை தருவது. அதைக் கூட்டியபின், குறைந்த சுற்றில் உயர் கியரில் அழுத்தி ஏற்றினால் பற்களும் பெயரிங்குகளும்தான் அடி வாங்கும். ஏற்றம் தொடங்குமுன்பே இரண்டாம் கியருக்கு இறங்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணன்மாரே. பெட்டியை இறக்கிப் பார்க்கிறேன். அதுவரை ட்யூனையும் பழைய நிலைக்கு மாற்றிவிடுகிறேன்.