மறுமொழி: ‘தோழர்’ வேண்டாம், ‘நிகரி’ என்போம்

ஐயாவுக்கும் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

தொலைபேசியிலிருந்து தொலைபேசிக்கு நேரே கோப்பு அனுப்பும் நம் செயலியைத் தமிழாக்குகிறோம். அதன் சொற்பட்டியலில், கோப்பை அனுப்பும் அல்லது வாங்கும் மற்றக் கருவியைக் குறிக்கும் ‘பியர்’ (peer) என்பதற்கு ஐயா ‘தோழர்’ என்ற சொல்லை முன்வைத்திருந்தார். பின்னர் ‘சகபாடி’, ‘இணையர்’, ‘எதிர்முனை’ ஆகியனவும் வந்தன. இந்த நான்கில் எதையும் திரையில் இடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். யாருடைய கைக்கு இந்தச் செயலி போகிறது என்பதை வைத்தே சொல்கிறேன்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இதை முதலில் எடுக்கப்போகிறவர்கள் மாதர் சங்கத்தினரும், காணிப் பிரச்சினையோடு பிரதேச செயலகத்துக்கு அலைகிறவர்களும். அவர்கள் அனுப்புவது காணி அனுமதிப்பத்திரத்தின் படம், பிறப்புச் சான்றிதழ், முறைப்பாட்டின் பிரதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் கடைசிப் புகைப்படம். 2009 இடப்பெயர்வில் மூலப் பத்திரத்தைத் தொலைத்த குடும்பத்துக்குத் தொலைபேசியில் உள்ள படம்தான் மிச்சம். அதை எந்த நிறுவனத்தின் வழங்கியிலும் (சேர்வர்) ஏற்றாமல் நேரே அனுப்பலாம் என்பதாலேயே இச்செயலியை விரும்புகிறார்கள். நடுவில் ஒருவர் இல்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடுவது எளிது. நாம் இடும் சொல் அந்த எண்ணத்தை வளர்க்கக் கூடாது.

பாட்டுக் கோப்புகளைப் பகிரும் நாப்ஸ்டர் சேவை 1999 இல் வந்தபோது கோப்புகள் பயனர்களின் கணினிகளிலேயே இருந்தன. யாரிடம் எது உண்டு என்ற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் வழங்கியில் இருந்தது. வழக்கில் தோற்று 2001 இல் அந்தச் சேவை நின்றது. அதே ஆண்டில் வெளிவந்த பிட்டொரென்ட் என்ற கோப்புப் பகிர்வு முறையில், ஒரே கோப்புக்காகக் கூடும் கணினிகளில் ஒன்றின் ஐபி முகவரியை (இணையத்தில் அதைக் குறிக்கும் எண்ணை) மற்றது காணும். பொதுவில் விடப்பட்ட கோப்பென்றால் அந்தக் கூட்டத்தில் யாரும் சேரலாம். சேர்ந்தவர் கோப்பை எடுக்க வந்தவரா, யார் யார் வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வந்தவரா என்பது மென்பொருளுக்குத் தெரியாது. ‘பியர்’ என்பதன் பொருள் இவ்வளவே: அதே தொடர்பு நெறிமுறையில் (புரோட்டோகோல்) பேசும், சம தகுதியுள்ள இன்னொரு கணினி. நட்போ நம்பிக்கையோ அதற்குள் கிடையாது.

‘தோழர்’ அந்த நம்பிக்கையை இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. ‘சகபாடி’ கூடப் படித்தவர். ‘இணையர்’ கணவன் மனைவி. ‘எதிர்முனை’ பொருளளவில் நல்ல சொல்தான். ஆனால் வன்னியில் ‘முனை’ என்றால் களமுனை நினைவுக்கு வருகிறது, அதையும் விட்டுவிடுவோம்.

சோதனைப் பதிப்பைத் தருமபுரத்தில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் காட்டியபோது நடந்ததை எழுதுகிறேன். ‘அருகிலுள்ள தோழர்கள்’ என்ற தலைப்பின் கீழ், ஒரே வைஃபையில் இருந்த தொலைபேசிகள் வரிசையாக வந்தன. மூன்று வரிகளில் ஒரே தொலைபேசி மாதிரியின் பெயர். நான்காவது வரியில் ‘அம்மா’. ஓர் அக்கா பக்கத்தில் இருந்த தன் தாயின் தொலைபேசிதான் அது என்று எண்ணி அதைத் தொட்டார். உண்மையில் அது பின்வரிசையில் இருந்த வேறொருவருடையது; அவருடைய மகள் வைத்துக் கொடுத்த பெயர். அக்காவின் அனுமதிப்பத்திரம் ஒரு நொடியில் அங்கே போய்ச் சேர்ந்தது. மறைகுறியாக்கம் எந்தப் பிழையும் இல்லாமல் வேலை செய்தது. வழியில் யாரும் வாசித்திருக்க முடியாது. போன இடம்தான் தவறு. வாங்கியவர் நல்லவர், உடனே அழித்துவிட்டார். அவர் நல்லவராக இருந்தது நம் செயலியின் கெட்டித்தனம் அல்ல.

ஆகவே ‘நிகரி’ என்று முன்மொழிகிறேன். நிகரானது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. ‘பியர்-டு-பியர்’ என்பதற்கு ‘நிகரிடை’ என்று கொண்டால் ‘நிகரிடைக் கோப்புப் பரிமாற்றம்’ நாவிலும் தடக்கவில்லை. பட்டியலில் தோன்றும் ஒவ்வொரு தொலைபேசியும் தொடக்கத்தில் ‘அறியாத நிகரி’ என்றே இருக்கட்டும். இருவரும் நேரில் நின்று, ஒருவர் திரையிலுள்ள கியூஆர் குறியை மற்றவர் படம்பிடித்துச் சரிபார்த்த பின்பே ‘அறிந்த நிகரி’. தொலைபேசியை மாற்றியதால் அதன் மறைகுறியாக்கத் திறப்பு மாறினால் மீண்டும் ‘அறியாத’. முதன்முறை கண்டதை நம்பி, பின்னர் மாறினால் மட்டும் எச்சரிக்கும் முறை, தொலைவிலுள்ள கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் போன்றவற்றில் உண்டு. நமக்கு அது போதாது; நம் முதல் சந்திப்பே நெரிசலான மண்டபத்தில் நடக்கிறது.

திறப்பு என்றேன். தமிழகத்து நண்பர்கள் சாவி என்பார்கள்; எங்கள் திரையில் திறப்பு இருக்கட்டும். திறப்பை ஒப்பிட்டுப் பார்க்கும் சுருக்க எண்ணுக்கு ‘விரலடையாளம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கே விரலடையாளம் என்றால் கையெழுத்திடத் தெரியாதவர் பத்திரத்தில் வைப்பது. செயலி அதைக் கேட்டால் பெருவிரலைத் திரையில் வைப்பார்கள். ‘திறப்புக்குறி’ போதும். தூரத்தில் இருப்பவரோடு அதைத் தொலைபேசியில் வாசித்துச் சரிபார்க்கலாம். சிக்னல் செயலி இதற்கு 60 இலக்க எண்ணை ஐந்தைந்தாகப் பிரித்துக் காட்டுகிறது. அந்தப் பிரிப்பை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

‘டிராக்கர்’ என்பதற்குக் ‘கண்காணி’ என்ற மொழிபெயர்ப்பையும் மாற்ற வேண்டும். அதன் வேலை, எந்தக் கோப்புக்கு எந்த நிகரிகள் கூடியுள்ளன என்று பதிந்து, கேட்பவர்க்குச் சொல்வது. அதற்கு நம்மிடம் ‘இடாப்பு’ இருக்கிறது. வாக்காளர் இடாப்பு, வரவு இடாப்பு என்று எல்லோரும் அறிந்த சொல். பதிவுகளுக்காகத் திரும்பத் திரும்ப வரிசையில் நின்ற மக்களுக்கு, இடாப்பில் பெயர் ஏறுவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் இருந்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் போராடிய தாய்மாரில் ஒருவர், ஒரு கோப்பைக் கேட்டதாலேயே தன் முகவரி எங்கோ பதியப்படுகிறது என்பதைக் கேட்பதற்கு முன் அறிய வேண்டும். இடாப்பு ஓரிடத்தில் இல்லாமல் நிகரிகளிடையே சிதறியிருக்கும் முறைக்குப் ‘பரந்த இடாப்பு’ எனலாம். 2002 இல் வெளியான கடெம்லியா இந்த வகை. அங்கே இடாப்பின் ஒரு துண்டு முன்பின் தெரியாத ஒருவரிடம் இருக்கும். சிதறியிருப்பதால் மறைந்திருக்கிறது என்று விளக்கக்குறிப்பில் தயவுசெய்து எழுத வேண்டாம்.

‘பகிர்’ பொத்தானுக்குக் ‘கைமாற்று’ என்ற யோசனையின் அழகு எனக்கும் பிடித்தது. ஆனால் அயலட்டையில் கைமாற்றாகப் போன சீனியும் காசும் திரும்பி வரும்; கோப்பு வராது. அனுப்பியவர் தன் தொலைபேசியில் அழித்தாலும் வாங்கியவரிடம் பிரதி இருக்கும். எனவே ‘பிரதி கையளி’ என்றே பொத்தானில் எழுதுவோம். மனுவைக் கையளித்தோம் என்று நாள்தோறும் சொல்கிறவர்களுக்கு, அது இனி மற்றவர் கையில் என்பது உடனே புரியும். ‘திரும்பப் பெறு’ என்ற பொத்தானை நீக்கிவிடலாம். செய்ய முடியாததை அது சொல்கிறது.

தொலைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆள்கூறுகளும் இருக்கலாம். கையளிக்கும்போது அவற்றைத் தானாகவே நீக்க வேண்டும். இதற்குச் சொல் தேடத் தேவையில்லை, நிரல் எழுதினால் போதும்.

மிச்சம் இருப்பது ‘ரிலே’. இரு தொலைபேசிகளும் கைத்தொலைபேசி வலையமைப்பில் இருந்தால் நேரடித் தொடர்பு பல வேளைகளில் அமையாது. இடையில் ஒரு வழங்கி தரவை வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். அது கோப்பை வாசிக்காது. யார் யாருக்கு, எப்போது, எவ்வளவு பெரிய கோப்பை அனுப்பினார் என்பதை அறியும். ‘அஞ்சல்’ என்றால் தபாலோடு குழம்பும். ‘இடைக்கடத்தி’ என்று எழுதிப் பார்த்தேன். ‘கடத்தி’ ஆட்கடத்தலை நினைவூட்டுவதால் மனம் ஒப்பவில்லை. ‘இடைவழங்கி’ பொருந்துமா? ஐயாவின் கருத்து வந்ததும் மொழிக்கோப்பைத் திருத்தி அனுப்புகிறேன்.