அம்மாவுக்கு முதியோர் குடியிருப்பா, மறதி நோயாளிகளுக்கான இல்லமா?

கேட்பவர்: வைகைக்கரை

என் அம்மாவுக்கு 76 வயது, மதுரையில் இருக்கிறார். அல்சைமர் நோய் என்று நரம்பியல் மருத்துவர் உறுதி செய்த பிறகும் குளியல், பூசை, சிறு சமையல் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பொழுது சாயும் நேரத்தில் "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுகிறார். பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாக ஆள் வைத்தும் யாரும் நிலைப்பதில்லை. நானும் தம்பியும் சென்னையில் வேலையில் இருக்கிறோம். எங்கள் இரு வீடுகளிலும் பகலில் ஆள் இருக்காது.

கோவையில் ஒரு முதியோர் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடிவைக்கலாம் என்கிறார் தம்பி. பொது உணவுக்கூடம், கோயில், ஆம்புலன்ஸ் எல்லாம் அங்கே உண்டு. சென்னையிலேயே மறதி நோயாளிகளுக்கான இல்லம் ஒன்றைப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். எதை வைத்து முடிவு செய்வது? அம்மா வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். தமிழ் நன்றாகவே பேசிவந்தவர், இப்போது தமிழில் கேட்டாலும் சௌராஷ்டிரத்தில்தான் பதில் சொல்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பதில்: நொய்யல்

இரண்டும் ஒரே வகையான இடங்கள் அல்ல என்பதிலிருந்து தொடங்குங்கள். முதியோர் குடியிருப்புகள் பெரும்பாலும் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ளும் முதியவர்களுக்காகக் கட்டப்பட்டவை. குடியிருப்பவருக்கு முழுநேர உதவி தேவைப்பட்டால் குடும்பமே தன் செலவில் ஆள் வைக்க வேண்டும் அல்லது வேறிடம் பார்க்க வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும். விளம்பர ஏட்டை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தெருவில் இறங்கிவிடும் நிலையில் இருப்பவரை அங்கே வைத்தால், சிறிது காலத்தில் மீண்டும் ஒரு முறை இடம் மாற்ற வேண்டியிருக்கும். புது இடத்துக்குப் பழகுவதே இவர்களுக்குப் பெரும்பாடு.

என் மாமியாருக்காக நாங்கள் இல்லங்களைப் பார்த்தபோது, காலையில் மேலாளர் சுற்றிக்காட்டியதைவிட, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போய் உட்கார்ந்ததில்தான் அதிகம் தெரிந்தது. ஊட்டிவிடுபவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடியே அடுத்தவரிடம் ஓடுகிறாரா? எல்லோரையும் வரிசையாகத் தொலைக்காட்சி முன் உட்கார வைத்திருக்கிறார்களா? அறைகளில் சிறுநீர் வாடை நிற்கிறதா? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள், செவிலியர் விழித்திருப்பாரா என்று தவறாமல் கேளுங்கள். பகல் கணக்கைச் சொல்லிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அம்மா நடப்பவர் என்பதால், பூட்டிய அறையைவிடச் சுற்றி நடக்க இடமுள்ள, வெளிவாசல் மட்டும் காவலில் உள்ள கட்டடமே பொருந்தும்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர்

மாலை நேரப் பதற்றம் இந்நோயில் பலருக்கும் வருவது. ஆனால் அது திடீரென்று கூடியிருந்தால், இல்லம் தேடுவதற்கு முன் சிறுநீர்த்தொற்று, மலச்சிக்கல், நீர்க்குறைவு ஆகியவற்றை மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். இவை மூன்றுமே குழப்பத்தை ஒரே நாளில் பெருக்கக்கூடியவை.

இல்லத்தில் நான் முதலில் கேட்கும் கேள்வி, பதற்றப்படுபவரை எப்படி அமைதிப்படுத்துகிறீர்கள் என்பதுதான். பதற்றத்தை அடக்கக் கொடுக்கப்படும் குவெட்டியாபைன், ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகள் டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள முதியவர்களிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. சில வேளைகளில் அவை தேவைப்படும், மறுக்கவில்லை. யார் பரிந்துரைக்கிறார், குடும்பத்திடம் கேட்கிறார்களா, எப்போது நிறுத்திப் பார்க்கிறார்கள் என்பதற்குத் தெளிவான விடை வேண்டும். கட்டிலில் கட்டிவைப்பது உண்டா என்றும் கூச்சமில்லாமல் கேளுங்கள். மாதந்தோறும் எடை பார்த்துக் குறித்துவைக்கும் ஏட்டையும், விழுந்தவர்களைப் பற்றிய பதிவேட்டையும் காட்டச் சொல்லுங்கள். "இங்கே யாருமே விழுந்ததில்லை" என்று சொல்லும் இடத்தை நான் நம்பமாட்டேன்.

பதில்: முன்னாள் வங்கி அலுவலர்

பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அம்மா அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அதையே கடைசிவரை நம்பியிருக்காதீர்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த முகமை, அதாவது அவர் சார்பில் செயல்படும் அதிகாரம், முடிந்துவிடும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. அதன் பிறகு காப்பாளர் நியமனத்துக்கு நீதிமன்றம்தான் போக வேண்டும். இன்னும் புரிந்து கையெழுத்திடும் நிலையில் அவர் இருந்தால், ஓய்வூதியக் கணக்கு, வைப்புத்தொகை, உயில் ஆகியவற்றை வழக்கறிஞரோடு உடனே பேசுங்கள். 70 வயது கடந்தோருக்கு ஆயுஷ்மான் பாரத் தரும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பு, மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேரும் சிகிச்சைக்கு மட்டுமே. இல்லத்தின் மாதக் கட்டணம் உங்கள் கையிலிருந்துதான் போகும். டயப்பர், மருத்துவர் வருகை, தனி உதவியாளர் ஆகியவை அந்தக் கட்டணத்தில் சேருமா, இடையில் வெளியேறினாலோ இறந்தாலோ முன்வைப்புத் தொகை எத்தனை நாளில் திரும்பும் என்பவை எழுத்தில் இருக்கட்டும்.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. வீடு வாங்கும் யோசனையைத் தம்பியும் கைவிட்டுவிட்டார். மொழி விஷயம்தான் உறுத்துகிறது. சௌராஷ்டிரம் தெரிந்த பணியாளருக்கு நான் எங்கே போவேன்?

நொய்யல்

கிடைப்பது அரிதுதான். தண்ணீர், பசி, வலி, கழிப்பறை, குளிர் போன்றவற்றுக்கு அம்மா சொல்லும் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, அவரைக் கவனிப்பவர்களிடம் கொடுங்கள். வடமாநிலப் பணியாளர் என்றால் இந்தி எழுத்தில். நேரடியாக நிரந்தரமாகச் சேர்க்காமல், குறுகிய காலத் தங்கல் தருவார்களா என்று கேட்டு ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். அந்த ஒரு மாதத்தில் எத்தனை பணியாளர்கள் அந்தத் தாளை எடுத்துப் படிக்கிறார்கள் என்பதைக் கவனித்தாலே அங்கே தொடரலாமா என்பது தெரிந்துவிடும்.