வளைகாப்புப் பந்தல்: புரசைவாக்கம் வீட்டுக் குழு

சுமதி அத்தை: பந்தல்காரர் வந்து போனார். மாடியில் கீற்றுப் பந்தலைத் தீபாவளிக்கு முன்பே போட்டுவிடுகிறாராம். பிறகு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்களாம். சரி என்று சொல்லிவிடட்டுமா?

மாலா சித்தி: சரி

பாபு சித்தப்பா: எவ்வளவு கேட்கிறார்?

பெரியப்பா: வேண்டாம் சுமதி. தீபாவளி இரவில் மாடி முழுக்கக் காய்ந்த கீற்றா? நேற்று பின்தெருவில் ஒரு மாடிக் கொட்டகையில் ராக்கெட் விழுந்து எரிந்ததே.

கார்த்திக்: பார்த்தேன் பெரியப்பா. கரிந்த மூங்கில்தான் நிற்கிறது.

சுமதி அத்தை: அது தகரமும் ஓலையுமாகக் கட்டியது. நம் வீடு கோட்டை. அப்பா கட்டிய சுவர், ஒன்றரை அடி கனம்.

பெரியப்பா: கோட்டைக்குத் தீ வைத்தவர்கள் யாரும் கல்லைக் குறிவைக்கவில்லை. கூரை, மரக்கதவு, வைக்கோல் இவைதான் குறி. அர்த்தசாஸ்திரத்தில் கௌடில்யர் ஓர் உபாயம் சொல்கிறார். கோட்டைக்குள் கூடு கட்டியிருக்கும் புறா, காகம், கிளி, மைனாவைப் பிடித்து, வாலில் தீப்பற்றும் பொடியைக் கட்டிப் பறக்க விட வேண்டும். பறவை எங்கே போகும்? தன் கூட்டுக்கு.

வித்யா: பாவம் புறா

மாலா சித்தி: வித்யா, இரும்புச்சத்து மாத்திரை?

வித்யா: போட்டுவிட்டேன் அம்மா

பாபு சித்தப்பா: எவ்வளவு என்று கேட்டேன்

சுமதி அத்தை: கல் சுவரை எந்தத் தீயும் ஒன்றும் செய்யாது அண்ணா.

பெரியப்பா: செய்திருக்கிறது. 1215இல் இங்கிலாந்து மன்னர் ஜான் ராச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டார். கோபுரத்தின் மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மேலே இருக்கும் பாரத்தை மரத்தூண்களால் தாங்கி நிறுத்தினார்கள். பிறகு 40 கொழுத்த பன்றிகளை அனுப்பச் சொல்லி மன்னர் கடிதம் எழுதினார். அந்தக் கொழுப்பை வைத்துத் தூண்களைக் கொளுத்தினார்கள். தூண் எரிந்ததும் கோபுரத்தின் மூலை சரிந்தது. அங்கேயும் எரிந்தது மரம்தான்.

கார்த்திக்: நாற்பது பன்றியா!

மாலா சித்தி: சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுகிறேன். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் கட்டாயம்.

சுமதி அத்தை: மொத்தம் ஏழு சாதம். ஐந்தோடு நிறுத்தினால் மாப்பிள்ளை வீட்டார் பேசுவார்கள்.

பாபு சித்தப்பா: அவர்கள் எப்போது பேசாமல் இருந்தார்கள்?

மாலா சித்தி: குழுவில் வேண்டாம்

பெரியப்பா: ராக்கெட்டை விளையாட்டுச் சாமானாக நினைக்காதீர்கள். இரும்புக் குழாயில் மருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகளை ஆங்கிலேயர்கள் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் கைப்பற்றினார்கள். அவற்றைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார். 1807 செப்டம்பரில் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன் மீது ஆங்கிலேயர்கள் குண்டுகளோடு அந்த ராக்கெட்டுகளையும் ஏவினார்கள். மதிலை இடிக்கவே இல்லை. மதிலைத் தாண்டி உள்ளே இருந்த வீடுகளைக் கொளுத்தினார்கள். தேவாலயத்தின் கோபுரமே எரிந்து விழுந்தது. சில நாட்களில் நகரம் பணிந்தது.

சுமதி அத்தை: ஐப்பசி மாதம். மழை பெய்து கீற்று நனைந்திருக்கும்.

பெரியப்பா: கிமு 429இல் கிரேக்க ஊரான பிளாட்டியாவை முற்றுகையிட்டவர்கள் அதன் மதிலை ஒட்டிச் சுள்ளிகளைக் குவித்து, கந்தகமும் கீலும் சேர்த்துக் கொளுத்தினார்கள். அன்று இடியோடு மழை பெய்து அணைத்ததாகச் சொல்வார்கள். ஊர் பிழைத்தது. அந்த மழை நமக்கும் வரும் என்று எப்படி இருப்பது?

பாபு சித்தப்பா: நான் சின்ன வயதில் விட்ட ராக்கெட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் அண்ணன் இவ்வளவும் சொல்கிறார்.

பெரியப்பா: ஆமாம். அம்மாவின் சமையல் கொட்டகை கால் மணி நேரத்தில் போயிற்று. நீ ஓடிவிட்டாய். அப்பாவிடம் அடி வாங்கியது நான்.

சுமதி அத்தை: அம்மாவின் அரிசிப் பானைகூடக் கருகியது. கையில் கொப்புளத்தோடு அவள் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பாபு சித்தப்பா: அது எனக்குத் தெரியாது அக்கா.

பெரியப்பா: முடிந்தது போகட்டும். கௌடில்யரே சொல்கிறார்: வேறு வழியில் பிடிக்க முடிகிற கோட்டைக்குத் தீ வைக்காதே, தீயை நம்ப முடியாது, மனிதர், தானியம், கால்நடை எல்லாம் அழியும் என்று. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீடு இது. தகரப் பந்தல் போடுங்கள், அல்லது தீபாவளி முடிந்து போடுங்கள்.

வித்யா: தகரம் வெயிலில் கொதிக்கும் பெரியப்பா

கார்த்திக்: கீற்றே போட்டுவிட்டு இரவு முழுக்க நான் தண்ணீரோடு மாடியில் இருக்கட்டுமா?

மாலா சித்தி: கண்ணாடி வளையல் எத்தனை டஜன்?

பாபு சித்தப்பா: தகரம் என்றால் எவ்வளவு?

சுமதி அத்தை: நாளை பத்து மணிக்கு அவரை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறேன். அண்ணா, நீங்களே நேரில் பேசுங்கள். பாபு, நீயும் வா.