மாநிலப் பொருளாளர் பதவியிலிருந்து ஆளுநர் பதவிக்கு: ஜீனா ரைமொண்டோ போன பாதை

ஹட்டன் டீச்சர்:
உயர்தர அரசியல் விஞ்ஞான வகுப்புக்கு ஒரு விளக்கம் தேவை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஆளுநரைப் போலவே மாநிலப் பொருளாளரையும் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். ரோட் ஐலண்டில் அந்தப் பதவியில் இருந்த ஜீனா ரைமொண்டோ பிறகு ஆளுநரானார், பைடனின் அமைச்சரவைக்கும் போனார். கணக்கு வழக்குப் பார்க்கும் பதவி ஒருவரை அவ்வளவு தூரம் கொண்டு போனது எப்படி? நம்முடைய மத்திய மாகாணத்தில் இதற்குச் சமமான ஆள் யார்?

பேராதனை வாசகர்:
டீச்சர், முதலில் பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கி விடுங்கள். வரி விதிப்பதும் வரவு செலவுத் திட்டம் போடுவதும் மாநிலப் பொருளாளருடைய வேலை இல்லை. வந்த காசைப் பாதுகாப்பது, முதலீடு செய்வது, மாநிலத்தின் கடன் முறிகளை (கடன் பத்திரங்களை) வெளியிடுவது, இவைதான் வேலை. பெரும்பாலான மாநிலங்களில் தேர்தல் உண்டு. மேரிலாந்து, டென்னசியில் சட்டசபை தெரிவு செய்கிறது. மிச்சிகன், நியூ ஜெர்சியில் ஆளுநர் நியமிக்கிறார்.

ரோட் ஐலண்டில் இந்தப் பொருளாளர்தான் ஓய்வூதியச் சபைக்கும் முதலீட்டு ஆணைக்குழுவுக்கும் தலைவர். ரைமொண்டோவின் அரசியல் முழுக்க இந்த நாற்காலிகளிலிருந்துதான் தொடங்கியது. முதலீட்டு நிறுவனம் நடத்தியவர், 2010 நவம்பர் தேர்தலில் வென்று 2011 ஜனவரியில் பதவியேற்றார். அந்த ஏப்ரலிலேயே ஓய்வூதிய நிதியின் எதிர்பார்ப்பு வருமானத்தை 8.25 வீதத்திலிருந்து 7.5 வீதத்துக்கு ஓய்வூதியச் சபை குறைத்தது. பார்க்க முக்கால் வீதம்தான், ஆனால் பற்றாக்குறை சுமார் 7 பில்லியன் டொலர் என்று வெளியே தெரிந்தது. ஆகஸ்டில் சென்ட்ரல் ஃபோல்ஸ் என்ற சிறு நகரம் வங்குரோத்தாகி, ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், தீயணைப்பு ஊழியர் சிலருடைய பென்சன் பாதிக்கு மேல் வெட்டப்பட்டது. காசு இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை மாநிலம் முழுக்கக் கண்ணால் பார்த்த பிறகு, நவம்பரில் சட்டம் நிறைவேறியது.

சட்டத்தில் இருந்தவை: வாழ்க்கைச் செலவுக்காக வருடாவருடம் கூடிய தொகை, கொடுக்க வேண்டியதில் 80 வீதத்துக்கு நிதியில் காசு சேரும்வரை நிறுத்தம் (இடையில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்). பெரும்பாலானவர்களுக்கு ஓய்வு வயது 67 வரை உயர்வு. பழைய பென்சனோடு ஆளுக்கொரு தனிக்கணக்கு.

அரச ஊழியர் சங்கங்கள் வழக்குப் போட்டன. அது 2015 இல்தான் சமரசமானது. அவர்களுடைய கோபம் நியாயமானது என்பதே என் கருத்து. வாக்குறுதி கொடுத்தது அரசாங்கம், பல வருடம் போதுமான பங்கைக் கட்டாமல் விட்டதும் அரசாங்கம். வெட்டு விழுந்தது ஓய்வூதியரின் கையில்.

அப்படியும் 2014 இல் எப்படி வென்றார்? எதிர்ப்பு வாக்கு பிரிந்ததுதான் பெரிய காரணம். ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஏஞ்சல் தவெராஸ், கிளே பெல் இருவரும் அதைப் பங்குபோட, இவர் 42 வீதத்தோடு முன்னுக்கு வந்தார். பொதுத் தேர்தலிலும் மும்முனைப் போட்டி. கிட்டத்தட்ட 41 வீதம் போதுமாக இருந்தது. 2018 இல் மறுபடி வென்று, 2021 மார்ச்சில் வர்த்தகச் செயலாளராக வொஷிங்டன் போனார்.

கண்டிக் கணக்காளர்:
முக்கால் வீதம் ஏன் இவ்வளவு பெரிய ஓட்டை என்பதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். 20 வருடம் கழித்து 100 இலட்சம் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். 8.25 வீதம் கிடைக்கும் என்று நம்பினால் இன்று 20.5 இலட்சம் போதும். 7.5 வீதம் என்றால் 23.5 இலட்சம் வேண்டும். வாக்குறுதி மாறவில்லை, கையில் இருக்க வேண்டிய காசு மட்டும் ஏறக்குறைய 15 வீதம் கூடுகிறது. அதனால்தான் எதிர்பார்ப்பு வீதத்தை உயரமாகவே வைத்திருக்க அரசியல்வாதிகளுக்கு ஆசை.

மேலே விட்டுப்போன ஒன்று: ஓய்வூதியக் காசில் ஏறக்குறைய ஒரு பில்லியன் டொலரை ரைமொண்டோ ஹெட்ஜ் ஃபண்டுகளில் (பெரும் முதலீட்டாளருக்கான தனியார் முதலீட்டு நிதிகளில்) போட்டார். அவற்றின் கட்டணம் அதிகம். அவருக்குப் பின் வந்த சேத் மகசீனர் 2016 இல் அதில் பாதிக்கு மேல் திரும்ப எடுக்கத் தீர்மானித்தார். அதே மகசீனர் 2022 இல் அமெரிக்கக் கொங்கிரஸுக்குத் தெரிவானார். ஆக, போட்டவருக்கும் அடுத்த படி கிடைத்தது, எடுத்தவருக்கும் கிடைத்தது.

பதுளை வாசகன்:
நம் பக்கத்துக்கு வருவோம். மாகாணத்தில் நிதிப் பொறுப்பு வழக்கமாக முதலமைச்சரிடம் இருக்கும். அன்றாட வேலை பிரதிப் பிரதம செயலாளர் (நிதி) கையில். அவர் அரச உத்தியோகத்தர், வாக்குக் கேட்க முடியாது. மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்காததால் நிர்வாகம் ஆளுநரிடம்.

இன்னொரு வித்தியாசம்தான் பெரியது. மாகாணத்துக்கென்று முதலீடு செய்ய ஓய்வூதிய நிதி கிடையாது. தோட்டத் தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதியை முதலீடு செய்வது கொழும்பில் மத்திய வங்கி. மாதச் சம்பளம் 30,000 ரூபா என்றால் தொழிலாளி 8 வீதம் 2,400, கம்பனி 12 வீதம் 3,600, மொத்தம் 6,000 ரூபா அங்கே போகிறது. இது தனிக்கணக்கு. வருமானம் குறைந்தால் ரோட் ஐலண்டைப் போல அரசாங்கத்துக்குப் பற்றாக்குறை வராது, உறுப்பினருடைய வட்டிதான் குறையும். 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் இந்த நிதியின் முறிகளும் மாற்றப்பட்டன. வட்டி 9 வீதத்துக்குக் குறையாது என்று அரசாங்கம் உறுதி சொன்னது. லயத்தில் இருக்கிற குடும்பத்தின் கடைசிச் சேமிப்பு அது. அதை முதலீடு செய்பவரை அந்தக் குடும்பம் நேரடியாகக் கேள்வி கேட்க ஒரு வாக்குச்சீட்டு இல்லை.

ஹட்டன் டீச்சர்:
மிக்க நன்றி. வாக்குச்சீட்டு இருந்தால் மட்டும் காசு பத்திரமாக இருந்து விடுமா? இந்தப் பதவியில் கவிழ்ந்தவர்களும் இருப்பார்களே?

கண்டிக் கணக்காளர்:
இருக்கிறார்கள், டீச்சர். கலிபோர்னியாவில் பொருளாளர்களாக இருந்த கேத்லீன் பிரவுன் 1994 இலும் பில் ஏஞ்சலிடிஸ் 2006 இலும் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார்கள். டெக்சஸில் ஆன் ரிச்சர்ட்ஸ் பொருளாளராக இருந்து 1990 இல் ஆளுநராகத் தெரிவானார். ஆனால் அந்த மாநிலம் 1996 இல் பொருளாளர் பதவியையே இல்லாமல் செய்து, வேலையைக் கொம்ப்ட்ரோலர் என்ற மாநிலக் கணக்கதிகாரியிடம் கொடுத்து விட்டது.

காசு தொலைந்த கதைக்கு கலிபோர்னியாவின் ஒரேஞ்ச் கவுண்டியை எடுங்கள். மாநிலம் இல்லை, மாவட்ட மட்டம். பொருளாளர் ரொபர்ட் சிட்ரன், கையில் இருந்த 7.5 பில்லியன் டொலரை அடகு வைத்துக் குறுகிய காலக் கடன் எடுத்து, முதலீட்டைச் சுமார் 20 பில்லியனாக்கினார். வட்டி தாழ்வாக இருந்தவரை நல்ல இலாபம். 1994 பெப்ரவரியிலிருந்து அமெரிக்க மத்திய வங்கி வட்டியை 3 வீதத்திலிருந்து 5.5 வரை ஏற்ற, முறிகளின் விலை விழுந்தது, கடனுக்கான வட்டியோ ஏறியது. சுமார் 1.6 பில்லியன் நட்டம். டிசம்பர் 6 இல் கவுண்டி வங்குரோத்து. அதே வருடம் ஜூன் தேர்தலில் ஜோன் மூர்லாக் இதே ஆபத்தைச் சொல்லித்தான் சிட்ரனை எதிர்த்தார். இலாபத்தைப் பார்த்துப் பழகிய மக்கள் சிட்ரனுக்கே வாக்களித்தார்கள். வங்குரோத்துக்குப் பின் 1995 இல் மூர்லாக் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டு, பிற்காலத்தில் மாநில செனட் வரை போனார்.