ராங்கோராங்கோ: படிக்கவே தெரியாத எழுத்துல நிலாக் காலண்டர் எப்படி?

கடலோரம்:
ரெண்டு நாளா இதே யோசனைங்க. பசிபிக் கடல்ல இருக்கிற ஈஸ்டர் தீவு மரப்பலகைல செதுக்கியிருக்கிற ராங்கோராங்கோ எழுத்தை இன்னும் யாராலயும் படிக்க முடியல, ஆனா மாமரிங்கிற பலகைல மட்டும் ரெண்டு வரிக்கு மேல நிலாவோட நாள்கணக்குன்னு உறுதியா சொல்றாங்களே, எப்படி? பிறை மாதிரி நாலு படம் இருந்தா போதுமா?

ஓலைச்சுவடி:
படத்தை வச்சு மட்டும் சொல்லலங்க, எண்ணிக்கை பொருந்துது. 1958ல பார்தெல்ங்கிற ஜெர்மன்காரர் முதல்ல கண்டுபிடிச்சார், 1990ல ஜாக் கைங்கிற மொழியியலாளர் இன்னும் நுணுக்கமா பார்த்தார். அந்தத் தீவுல ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு பேர் உண்டு, 1886ல தாம்சன்ங்கிற அமெரிக்கக் கடற்படைக்காரர் போனப்பவே கேட்டு எழுதி வச்சுட்டார். அதுல கோகோரேன்னு வர்ற ராத்திரிங்களுக்கு நம்பர் தான் பேரு, நம்ம துவிதியை திருதியை மாதிரி, வளர்பிறைல ஆறு, தேய்பிறைல அஞ்சு. பலகைலயும் பிறைங்க அதே மாதிரி கூட்டம் கூட்டமா வருது. நடுநடுல ஒரே குறித்தொடர் திரும்பத் திரும்ப வரும், அதுல கயித்துல தொங்குற மீன் ஒண்ணு இருக்கு, பௌர்ணமி வரைக்கும் தலை மேல பார்க்கும், அப்புறம் தலைகீழ். அதைப் பார்த்ததும் எனக்கு சந்தேகமே போயிடுச்சு.

பூவரசு:
பௌர்ணமிக்கு இருக்கிற குறியையும் பாருங்க. நிலாவுக்குள்ள ஒரு கிழவி உட்கார்ந்து மண் அடுப்பு மூட்டுறான்னு அந்த ஊர்க் கதை, அவ தான் அந்தப் படம்னு சொல்றாங்க. நிலால பாட்டி வடை சுடுறான்னு கேட்டு வளர்ந்த எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. மாமரி பலகையே நம்ம பூவரச மரம் தானாம், அங்கயும் அதே மரம்.

ஓலைச்சுவடி:
அழகான விஷயம், ஆனா அதை வச்சு சொந்தம் கொண்டாட வேணாம். 1932ல ஹெவெசின்னு ஒருத்தர் சிந்துவெளி எழுத்தும் இதுவும் ஒண்ணுன்னு வரிசையா ஜோடி போட்டுக் காட்டினார், நடுவுல ஆயிரக்கணக்கான வருஷ இடைவெளி, அந்த வாதம் நிக்கல.

கடலோரம்:
நன்றிங்க, மீன் விஷயம் புரிஞ்சுது. அப்போ காலண்டரைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தையும் படிச்சிட முடியாதா?

ஓலைச்சுவடி:
முடியலங்க. இது காலண்டர்னு தெரியுது, ஆனா எந்தக் குறிக்கு என்ன உச்சரிப்புன்னு அதுலருந்து கிடைக்கல. மொத்தமே இருபத்தஞ்சு சொச்சம் பலகை தான் மிச்சம். படிக்கத் தெரிஞ்ச பெரியவங்களை 1862ல பெருவுலருந்து வந்த அடிமை வியாபாரிங்க ஊரோட அள்ளிட்டுப் போயிட்டாங்க, திரும்பி வந்த கொஞ்சப் பேரோட அம்மையும் வந்துச்சு. அதை நினைச்சா தான் மனசு ஆறல.