மாதம் ஒரு தாள்: கலை, யோசனை, அன்பு, கேள்வி – எப்படி எழுதலாம்?

தகடூர்த் தென்றல்:
தருமபுரியில் சிலர் சேர்ந்து மாதக் கடைசி ஞாயிறு ஒரு கையெழுத்து இதழ் கொண்டுவரலாம் என்றிருக்கிறோம். அந்த மாதம் அவரவர் கண்டெடுத்த ஒரு கலை, ஒரு யோசனை, கண்ணில் பட்ட ஓர் அன்பான செயல், விடை தேடும் ஒரு கேள்வி. வாட்ஸப்பில் போட்டால் “அருமை” என்பதோடு நின்றுவிடுகிறது, யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஒரே ஏ4 தாளில் அடக்க முடியுமா? எப்படி எழுதினால் படிப்பவர் எழுந்து கிளம்புவார்?

காகிதப்பூ:
ஒரே தாளில் எட்டுப் பக்கம் வரும். நீளவாட்டில் பாதியாக ஒரு மடிப்பு, பிறகு குறுக்கே பாதி பாதியாக இரண்டு முறை மடிப்பு. பிரித்தால் எட்டுக் கட்டம். நீள மடிப்பின் மேல், நடு இரண்டு கட்ட அகலத்துக்கு மட்டும் பிளேடால் கீறுங்கள்; ஓரம் வரை போனால் தாள் இரண்டாகிவிடும். மறுபடி நீளவாட்டில் மடித்து இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் கீறல் விரிந்து சின்னப் புத்தகமாகும். ஒரு பக்கம் 74 × 105 மி.மீ., நாற்பது சொல்லுக்கு மேல் திணிக்காதீர்கள்.

பக்க வரிசைக்கு, வெற்றுத்தாள் ஒன்றை இப்படி மடித்து 1 முதல் 8 வரை எண் போட்டுப் பிரித்துப் பாருங்கள். நான்கு கட்டம் தலைகீழாகத் தெரியும், அதுதான் சரி. எழுதக் கறுப்பு ஜெல் பேனா. நீல மை ஜெராக்ஸில் வெளுத்துவிடும். ஓரத்தில் 7 மி.மீ. விடுங்கள். மூலப் பிரதியை மட்டும் கீறாதீர்கள், கீறல் எல்லா நகலிலும் கறுப்புக் கோடாக விழும்.

வேடியப்பன் மேடு:
கலைக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. தருமபுரி அருங்காட்சியகத்து நடுகல் (இறந்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல்) ஒன்றிலேயே தொடங்குங்கள். “பழமையான, அழகிய கல்” என்று எழுதினால் யாருக்கும் கால் நகராது. வீரன் எந்தக் கையில் என்ன பிடித்திருக்கிறான், அம்பு எங்கே தைத்திருக்கிறது, காலடியில் மாடு உண்டா, எழுத்து வட்டெழுத்தா (பழைய தமிழ் எழுத்துமுறை) என்று எழுதுங்கள். மாடு இருந்தால் ஆநிரைப் பூசலில், அதாவது மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில், இறந்தவன் என்று கருத இடமுண்டு. தொல்காப்பியம் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்ற ஆறு துறைகளையும் (நடுகல் எடுக்கும் சடங்கின் படிகள்) பக்கத்தில் போடுங்கள். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே சடங்கு தொடங்கிவிடுவது புரியும்.

படமெடுக்க உச்சி வெயில் ஆகாது, புடைப்புச் சிற்பம் தட்டையாகத் தெரியும். காலை எட்டுக்கு முன்னால் அல்லது மாலை ஐந்தை ஒட்டி எடுங்கள். நிழலில் இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லை உரசுவதுபோல் பிடியுங்கள். எழுத்து தெரியட்டும் என்று சுண்ணப்பொடி தடவவே கூடாது: தவறாகத் தடவிய கோடு அப்புறம் எழுத்தாகவே படிக்கப்படும். ஊர்ப்புறத்தில் பல கற்கள் இன்றும் வேடியப்பன் என்ற சாமியாகக் கும்பிடப்படுகின்றன. செருப்பைக் கழற்றி, ஊராரைக் கேட்டுவிட்டே நெருங்குங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடியின் வெள்ளை நிறக் குதிரைவீரர் பாறை ஓவியத்துக்குப் போனால், பளிச்சென்று தெரியட்டும் என்று தண்ணீர் தெளிக்காதீர்கள். ஈரம் காயும்போது பாறையின் உப்பு மேலே வந்து ஓவியத்தின்மீது படியும்.

பாலக்கோடு வாசகி:
யோசனைப் பக்கத்தில் “எப்படித் தெரியும்?” என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். அது இரும்பையே அளந்து சொன்ன காலமல்ல. அதே மண்ணடுக்கில் கிடைத்த கரிமப் பொருளை (கரி போன்றது) அளந்தது. தமிழகத்திலேயே பழமையானது இதுதான் என்று அப்போது எழுதியவர்கள் 2025 ஜனவரியில் திருத்தம் போட வேண்டியிருந்தது, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை இரும்புக்கு கி.மு. 3345 வரை போகும் காலக்கணிப்பு வெளியானதால். எட்டாம் பக்கத்தில் பாதியைத் திருத்தத்துக்கே ஒதுக்குங்கள்.

தகடூர்த் தென்றல்:
நன்றிங்க. அன்புப் பகுதி புகழ்மாலை ஆகிவிடுமோ என்று பயம். கேள்விக்கும் ஒரு மாதிரி கொடுங்களேன்.

சாமைக்காடு:
உதவியவர் பெயர், உதவி பெற்றவர் படம் இரண்டும் வேண்டாம். செய்முறையை எழுதுங்கள், அடுத்தவர் அதைச் செய்யட்டும். எழுத்துத் தெரியாத பெரியவருக்கு எந்த மாத்திரை எப்போது என்று காட்டும் பட அட்டை போட்டுக் கொடுப்பது நல்ல உதாரணம். காலைக்கு உதிக்கும் சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், இரவுக்கு நிலா வரைந்து, சாப்பாட்டுக்கு முன் என்றால் வெறும் தட்டு, பின் என்றால் சோற்றுத் தட்டு. காலியான மாத்திரைப் பட்டையை அந்தந்தக் கட்டத்தில் ஒட்டலாம். நிறத்தை மட்டும் அடையாளமாக வைக்காதீர்கள்: அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் நிறம் மாறிவிடும். மருந்து மாறும்போதெல்லாம் மருந்தாளுநரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி என்றால் வீட்டிலேயே சோதிக்க முடிந்ததாக இருக்கட்டும். முளைகட்டிய ராகிக் கூழ் ஏன் நீர்த்துப் போகிறது? ராகியை 12 மணி நேரம் ஊறவைத்து, நடுவில் தண்ணீர் மாற்றி, துணியில் கட்டி ஒன்றரை நாள் முளைவிட்டு, வெயிலில் காயவைத்து அரையுங்கள். அந்த மாவு 50 கிராம், சாதா மாவு 50 கிராம், தனித்தனியாக 400 மி.லி. குளிர்ந்த நீரில் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். சாதா மாவு கெட்டியாகும், முளைகட்டியது ஓடும். முளைக்கும்போது உண்டான நொதி (என்சைம்) மாவுச்சத்தை உடைப்பதுதான் காரணம். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் நொதி உடனே செயலிழந்து வித்தியாசம் தெரியாமல் போகும். முளைகட்டியதை அதிகச் சூட்டில் வறுத்து அரைத்தாலும் அதே கதிதான்.