டோக்கியோ மியூரல்கள் (சுவரோவியங்கள்), ஒரே நாள்: வழி சரியா?

வணக்கம். சனிக்கிழமை டோக்கியோவில் கோஎன்ஜி, ஷிபுயா, டென்னோசு ஐல் மூன்று பகுதிகளின் மியூரல்களையும் பார்க்கத் திட்டம். அங்கே இருப்பவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

முதலில் கோஎன்ஜி, காலை 8 மணிக்கு. ஷட்டரில் வரைந்த ஓவியங்கள் கடை திறந்ததும் சுருண்டு மேலே போய்விடும், அதனால்தான் இவ்வளவு சீக்கிரம். சனி, ஞாயிறில் ஆரஞ்சு நிற சூஓ ராப்பிட் ரயில் அங்கே நிற்காது. மஞ்சள் பட்டை போட்ட சூஓ-சோபு லோக்கல்தான் நிற்கும்.

அடுத்து ஷிபுயா நிலையத்தில் ஜப்பானிய ஓவியர் தாரோ ஒகாமோட்டோவின் 'அசு நோ ஷின்வா' (நாளையின் தொன்மம்) மியூரல். 30 மீட்டர் அகலம், 5.5 மீட்டர் உயரம். அணுகுண்டு வெடிக்கும் கணம், நடுவில் எரியும் எலும்புக்கூடு. மெக்சிகோவில் வரைந்து, தொலைந்து, 2003-ல் கிடைத்தது. 2008 முதல் இங்கே. ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பகுதியிலிருந்து இனோகஷிரா லைனுக்குப் போகும் நடைபாதையில், டிக்கெட் கேட்டுக்கு வெளியே இருப்பதால் செலவில்லை. நெரிசல் மட்டும் தப்பாது.

பிறகு சாய்க்யோ லைனில் 'ஷின்-கிபா' என்று போட்ட ரயில். மாறாமல் டென்னோசு ஐல் போய்விடலாம். ஒசாகி நிலையம் தாண்டினால் அது வேறு நிறுவனத்தின் ரின்காய் லைன், ஜேஆர் பாஸ் செல்லாது.

கேட்க வேண்டியவை: டென்னோசுவில் ஸ்பெயின் ஓவியர் ஏரிஸ் வரைந்த ஷாமிசென் (ஜப்பானிய மூன்று தந்தி வாத்தியம்) மியூரல் சுவரில் பிற்பகல் வெயில் நேராக விழுமா, நிழலா? 24 எம்எம் லென்ஸில் முழுச் சுவரும் அடங்க எங்கே நிற்க வேண்டும்? ஷிபுயா நடைபாதையில் ட்ரைபாட் விடுவார்களா? கோஎன்ஜியில் சமீபத்தில் எந்தச் சுவருக்காவது பெயின்ட் அடித்து மூடிவிட்டார்களா? மேப்பில் இருக்கும் படங்கள் பழையவை, நம்ப முடியவில்லை. பார்த்த மாதத்தையும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும்.